கூப்பிடுவாள் என்று நடந்தேன்

ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் குற்றவாளி நீங்கள்தான். "பேரம் படியாவிட்டால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடு, பத்தடி போவதற்குள் கடைக்காரன் கூப்பிடுவான்" என்று இந்த ஊரில் முதன்முதலில் சொல்லிவைத்த புண்ணியவான் நீங்கள்தானே? உங்களை நம்பித்தான் நடந்தேன். லிஸ்பன் போக வேண்டியவன் சாந்தோமில் ஓர் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

நான் ஆம்ப்ரோஸ். தி. நகரில் பெட்டிக் கடை. வெற்றிலை பாக்கு விற்கிற பெட்டிக்கடை இல்லை. ஊருக்குப் போகிறவர்களுக்குப் பெட்டி விற்கிற கடை. பனகல் பார்க் பிளாட்பாரத்தில் பை கூவி விற்று, போலீஸ் லத்தியில் பாடம் படித்து, மழையில் சரக்கை நனைய விட்டு, கடைசியில் ஷட்டர் போட்ட கடைக்கு வந்தவன். என் பெட்டிகள் பார்க்காத நாடு இல்லை. நான் மட்டும் மீனம்பாக்கம் ஏர்போர்ட் வரை வழியனுப்பப் போனதோடு சரி.

இந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷம்தான் கர்த்தர் கண் திறந்தார். நன்றாக விற்ற டீலர்களுக்குப் பெட்டிக் கம்பெனி லிஸ்பனில் நாலு நாள் என்றது. விமானம், ஓட்டல் எல்லாம் அவர்களுடையது. டீலர் சொல்கிற இரண்டு பேர் போகலாம். ஊர் சுற்றுவது அவரவர் இஷ்டம்.

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. நிற்க முடியவில்லை. கோட் தைக்கக் கொடுத்தேன். தினம் போய்த் தையற்காரரைத் திட்டினேன். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு லிஸ்பன் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும். யாரும் "நகரு, நகரு" என்று சொல்லாமல் உட்கார வேண்டும். பிளாட்பாரத்தில் வளர்ந்தவனுக்கு அதுதான் சொர்க்கம்.

என் மனைவி ஜொவிட்டாவுக்குச் சொர்க்கம் இன்னும் உயரத்தில் இருந்தது.

"என்னங்க, அது ஏழு மலை மேல கட்டுன ஊராம். அக்கா சொன்னா."

அக்கா என்றால் மர்சலின். கான்வென்ட் டீச்சர். அடுத்த தெருவில் வீடு. எங்கள் வீட்டில் வாசம்.

"மலை இருந்துட்டுப் போகட்டும். ஆறு கீழதானே ஓடுது?"

"ஏழும் ஏறணும். மலைக்கு மலை கோயில் இருக்காம். நம்ம லஸ் கோயிலைக் கட்டுன போர்ச்சுக்கீசியங்க ஊருங்க. பார்க்காம வந்தா பங்குக் கோயில்ல யாரு மதிப்பாங்க?"

"பரங்கிமலைப் படி ஏறுனாலே எனக்கு நாக்கு தள்ளுது. இன்னா ஏழு?"

விலையை இறக்கத் தெரிந்தவனுக்கு மலையை இறக்கத் தெரியாதா? வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"ஒண்ணு."

"ஏழு."

"உனக்காக ஒண்ணரை. பாதி மலையில நின்னு கும்பிட்டுட்டு எறங்கிடலாம்."

"ஏழு."

"ரெண்டு! அதுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டேன்."

"எட்டு."

"ஏழுன்னுதானேடி சொன்னே?"

"ஆத்துக்கு அக்கரையில, உசரத்துல, பெரிய இயேசு சிலை இருக்காம். அக்கா சொன்னா."

என் வியாபார வாழ்க்கையில் இப்படி ஓர் எதிராளியைப் பார்த்ததில்லை. நான் இறங்க இறங்க அவள் ஏறினாள். காப்பியில் மலை. சாப்பாட்டில் மலை. ஜெபமாலை உருட்டும்போதுகூட நடுவில் நிறுத்தி "எட்டு" என்றாள்.

இதற்கிடையில் மர்சலின் கடைக்கு வந்து, சக்கரம் வைத்த பெட்டி கேட்டாள்.

"எங்கக்கா பயணம்?"

"சும்மா, வேளாங்கண்ணிக்குத்தான் தம்பி."

வேளாங்கண்ணிக்குச் சக்கரப் பெட்டியா என்று சந்தேகப்பட வேண்டியவன், "இத்தவிடப் பெருசு ஒண்ணு கீது, பாருங்க" என்றேன். வியாபாரி புத்தி!

இன்று சாயங்காலம் கம்பெனி மானேஜர் போன் செய்தார். "போற ரெண்டு பேர் யாருன்னு இப்பவே சொல்லிடுங்க சார், டிக்கெட் போடணும்." கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தேன். கடைசி நேரத்தில்தான் எதிராளி இளகுவான். அதுவும் உங்கள் பாடம்தானே ஐயா?

"ஜொவிட்டா! மூணு மலை. இதுதான் கடைசி."

"எட்டு."

"அப்ப நான் வரல! நீயே போ!"

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டை வேண்டுமென்றே சத்தமாகத் திறந்தேன். இஸ்திரி வண்டி வரை ஆமை மாதிரிப் போனேன். அங்கே குனிந்து, அறுந்து போகாத செருப்பு வாரைச் சரி செய்தேன். உடம்பு தெருவில், காது வீட்டு வாசலில்.

இஸ்திரி போடும் சொர்ணம்தான் கூப்பிட்டாள்.

"இன்னா சார், எதுனா தொலைச்சிட்டியா?"

"ஒண்ணுமில்ல, உன் வேலையப் பாரு!"

கடற்கரை வரை போனேன். ஒவ்வொரு அலையும் போய்ப் போய்த் திரும்பி வந்தது. அதை யாரும் கூப்பிடவில்லை. சரி, நாமும் கடல் மாதிரி இருப்போம் என்று திரும்பினேன்.

ஹாலில் நான் விற்ற சக்கரப் பெட்டி. பக்கத்தில் மர்சலின். காலில் புது கான்வாஸ் ஷூ.

"மானேஜருக்குப் போன் பண்ணிட்டேங்க" என்றாள் ஜொவிட்டா. "நீங்கதான் வரலன்னு சொல்லிட்டீங்களே. அக்கா பேரைக் குடுத்துட்டேன்."

"உங்கக்காவுக்கு ஏது பாஸ்போர்ட்டு?"

"அது போன மாசமே வந்துடுச்சு."

போன மாசமே! அப்படியென்றால் அந்த ஏழு, அந்த எட்டு?

"நான் நடந்தேனே! நீ கூப்பிட வேணாமா?"

"நீங்கதானே கடைப் பசங்களைத் திட்டுவீங்க? நடக்கிற ஆளைக் கூப்பிட்டா நமக்கு நஷ்டம், போனா போகட்டும்னு விடுங்கடான்னு."

மர்சலின் ஆறுதல் சொன்னாள். "எட்டு மலையெல்லாம் யாரு தம்பி ஏறுவா, இந்த வயசுல? ஆத்தங்கரையில பெஞ்சு போட்டிருக்காங்களாம். அங்கதான் உக்காரப் போறோம். காத்து ரொம்பக் குளிருமாம்... அந்தக் கோட்டு சும்மாதானே தொங்குது?"

மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐயா, கூப்பிடாத கடைக்காரனை என்ன செய்வதென்று நீங்கள் சொல்லித்தரவே இல்லை. பாதிப் பாடத்தைச் சொல்லிவிட்டு எங்கே ஓடி ஒளிந்தீர்கள்? உடனே புறப்பட்டு வாருங்கள். என் பெண்டாட்டியிடம் பேசி, என்னைக் கூப்பிட வையுங்கள். அவள் மசியவில்லையென்றால் நீங்களாவது, அவள் குரலில், ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போங்கள். சொர்ணம் சிரிக்கிறாள்.