எஃப்.சி.க்கு நிற்கும் போன்

ஸ்மார்ட்போன் என்றால் என்ன என்பதை இந்த உலகத்தில் முழுமையாகப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் அதை லாரி என்று புரிந்துகொண்டிருந்தார்.

நாமக்கல்லில் நான் கடிதம் எழுதிக் காலம் தள்ளிய லாரி ஆபீஸில் அவர்தான் புக்கிங் பார்த்தார். இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டி, முழங்கால் தேய்ந்து, நாற்காலிக்கு வந்தவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றவர்களுக்கு அவர் எஃப்.சி. அண்ணன்.

லாரியை அவ்வப்போது தகுதிச் சான்றுக்கு நிறுத்துவார்களே, அதுதான் எஃப்.சி. பெயிண்ட் அடித்து, லைட்டெல்லாம் சரிபார்த்துக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அண்ணன் தன் போனை வருடம் தவறாமல் அப்படி நிறுத்தினார். அந்த இரண்டு நாட்கள் யார் கூப்பிட்டாலும் கிடைக்காது. கேட்டால், "வண்டி எஃப்.சி.ல நிக்கிதுங்க" என்பார், ஆபீஸ் நம்பரிலிருந்து.

நடுத்தர ரகத்தில், அந்தக் காலத்தில் நல்ல பெயர் வாங்கிய போன் அது. வாங்கி எட்டு வருடம். முதல் எஃப்.சி.யிலேயே பாடி கட்டும் பட்டறை பெயிண்டரிடம் கொடுத்து, முதுகில் மஞ்சள் அடித்து, சிவப்பில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதி வாங்கிவிட்டார். பெயிண்டர் நல்ல தொழில்காரர். பின்புறம் கைரேகை வைக்கும் குழியையும் விடாமல் அடைத்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, இனி கைரேகை வெச்சுத் திறக்க முடியாதே?"

"பூட்டு எதுக்குங்க சாமி? வண்டில சாவிய வெச்சுட்டுத்தான டீ குடிக்கப் போவோம்?"

அவரிடம் பேசினால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்.

போனில் ஒன்பது செயலிக்கு மேல் ஏற்ற மாட்டார். "பாடி தாங்குமுங்க, ஆக்சில் தாங்காது." யாராவது ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினால் உடனே கூப்பிட்டு, "பூவ எறக்கிட்டனுங்க, இனி லோடு அனுப்பாதீங்க" என்பார். சார்ஜ் போட்டு எடுத்ததும் பேச மாட்டார்; சூடு ஆறும்வரை மண்பானைக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பார்.

ஒருமுறை ஏற்காட்டில் ஒரு கல்யாணம். மலை ஏறும் முன் கொண்டப்பநாயக்கன்பட்டியில் டீ குடிக்க இறங்கினோம். அண்ணன் போனை அணைத்தார்.

"இதென்னங்க?"

"மேடுங்க. ஏறயில இன்ஜின் திணறும். நெழல்ல கெடக்கட்டும்."

நான்கு பத்திரிகை படிக்கிறவன் என்ற மிதப்பில் நான் சிரித்தேன். மலைப்பாதை நெடுக டவர் தேடித் தேடி என் போன் பாதி வழியிலேயே உயிரை விட்டது. மேலே கல்யாண மண்டபத்தை விசாரித்துக் கண்டுபிடித்தது அவருடைய லாரிதான். அவருடைய காரணம் ஒவ்வொன்றும் தப்பு. விடை ஒவ்வொன்றும் சரி. பள்ளிக்கூடத்தில் எனக்கு இது நேர் எதிராக நடக்கும். இரண்டுக்கும் மதிப்பெண் கிடைத்ததில்லை.

அந்தக் குழப்பத்தில் நானும் அதே மாடலை வாங்கினேன். எல்லோரும் சொல்கிற முறைப்படி நடத்தினேன். அப்டேட் வரும்போதெல்லாம் போட்டேன், நூறு செயலி ஏற்றினேன். ஒரே வருடத்தில், யாராவது கூப்பிட்டால், கூப்பிட்டவர் சலித்துக் கட் செய்த பிறகுதான் மணி அடிக்கும் அளவுக்கு வந்தது. மேஜை டிராயரில் போட்டுவிட்டு வேறு வாங்கினேன். "ஓவர்லோடுங்க" என்றார் அண்ணன், இறந்த வீட்டில் துக்கம் கேட்கும் குரலில்.

போன வருடம் அவருடைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. கடைக்காரர் பிரித்துப் பார்த்து, போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார். ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து புதுப் போன் ஒன்று வாங்கி நீட்டினோம். நாலு கேமரா, அகலத் திரை. அண்ணன் முன்னும் பின்னும் திருப்பினார்.

"இண்டிகேட்டர் எங்கீங்க?"

"என்ன இண்டிகேட்டர்?"

"கால் வந்து நின்னா மூலைல ஒரு புள்ளி மினுக்குமுல்லீங்க? எம்படதுல ஊதாக் கலர்ல மினுக்குமே."

"அந்தச் சின்ன லைட்டா? அதெல்லாம் இப்ப எவன் வெக்கிறானுங்க? திரையிலயே பேரு வந்துரும்ணா."

அவர் போனைப் பெட்டியில் வைத்து மூடி, என் பக்கம் தள்ளிவிட்டார். இரண்டு நாட்கள் பேசவில்லை. எஃப்.சி. என்றுகூடச் சொல்லவில்லை. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கடுகளவு விளக்குக்கு இவ்வளவா?

மூன்றாம் நாள் டீக்கடையில் மெதுவாகக் கேட்டேன்.

"மேச்சேரில ராசுன்னு ஒருத்தன் இருக்கானுங்க. அந்தக் காலத்துல எங்க ரெண்டு பேரு வண்டியும் முன்னும் பின்னுமாப் போகும். முன்னாடி போறவன் இண்டிகேட்டர ரெண்டு மினுக்கு மினுக்குவான். ரோடு சுத்தம், வான்னு அர்த்தம். இப்ப அவனுக்குக் கை கால் இழுத்துக்கிச்சு. பேச்சு போயிருச்சுங்க. தெனமும் வெடியால ஒரு மிஸ்டு கால் உடுவான். புள்ளி மினுக்கும். அது மினுக்க மினுக்க டீயக் குடிச்சுட்டு, நானும் ஒண்ணு உடுவேன்."

"எடுத்துப் பேச மாட்டீங்களா?"

"எடுத்து? அவனுக்குப் பேச்சு வராது. எனக்கும் வராதுங்க."

"சரி, ஆபீஸ் போன்ல ஒரு ரிங் உட்டிருக்கலாமே?"

"வேற நம்பரப் பாத்தா எடுத்து அலோ சொல்லப் பாப்பானுங்க. அந்தப் பாடு வேண்டாஞ் சாமி." டம்ளரை வைத்தார். "எஃப்.சி.ன்னா ரெண்டு நாள்னு அவனுக்குத் தெரியும். இது மூணு நாளாச்சு. வண்டி கவுந்துருச்சுன்னு நெனச்சிருப்பான்."

அவருடைய சிம்மைப் புதுப் போனில் போட்டு அடிக்கலாம் என்று வாதாட எனக்கு அறிவு இருந்தது, வாய் வரவில்லை. நேரே ஆபீஸுக்குப் போய் டிராயரைக் குடைந்து, என்னுடைய செத்த போனை எடுத்துச் சார்ஜில் போட்டேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, பூ, செய்தி, பலன், பஞ்சாங்கம் என்று என் நூறு செயலியையும் ஒவ்வொன்றாக இறக்கினார். மத்தியானத்துக்குள் வண்டி லேசாகிவிட்டது. சிம்மைப் போட்டு, ஒரே ஒரு ரிங் விட்டு, நிறுத்தி, மேஜைமேல் வைத்தார்.

ஆபீஸில் எல்லோரும் வந்து மேஜையைச் சுற்றி நின்றோம். எதற்கு நிற்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

போன் ஒரு முறை அடித்து நின்றது. மூலையில் புள்ளி மினுக்கியது. ஊதா இல்லை, வெறும் வெள்ளை.

"கலர் மாறியிருச்சுங்களே" என்றேன்.

"வண்டி வந்துருச்சுங்க" என்றார் அவர், சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

பிறகு கடைக்காரர் எதையோ செய்து, ராசு அடித்தால் மட்டும் ஊதா மினுக்கும்படி வைத்தார். போன் அடுத்த எஃப்.சி.யில் மஞ்சள் பூசிக்கொண்டது. அண்ணன் எனக்கும் ஒரு கலர் ஒதுக்கினார்: "உங்களுக்குப் பச்சைங்க."

இப்போது நான் சேலத்துக்கே வந்துவிட்டேன். காலையில் எழுந்ததும் அவருக்கு ஒரு ரிங் விட்டு நிறுத்துகிறேன். எனக்குப் பேச்சு நன்றாக வரும்; அவருக்கும் வரும். பிறகு எதற்கு இதைச் செய்கிறேன் என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. நாமக்கல்லில் ஒரு மேஜைமேல், அவர் டீ குடித்து முடிக்கும்வரை, பச்சையாக நான் மினுக்கிக்கொண்டிருப்பேன்.