முள்ளில்லாத செடியும் சும்மா இராத கையும்

மனிதர்களில் பால்கனி விவசாயி என்று ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள், செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை, 'வாங்க' என்ற சொல் முடிவதற்குள் உங்கள் கையைப் பிடித்து, கூடத்தைத் தாண்டி, படுக்கையறையைத் தாண்டி, அங்கே தலைவாரிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் 'ஐயோ' என்று கதவுக்குப் பின்னால் ஒளிவதையும் பொருட்படுத்தாமல், நேராகப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய், மண் நிறைந்த ஒரு தொட்டியின் முன்னால் நிறுத்தி, "எப்படி இருக்கு?" என்று கேட்பவர் யாரோ, அவர்தான். உட்காரச் சொல்ல மாட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுக்க மாட்டார். அந்த வீட்டில் தண்ணீர் எல்லாம் செடிக்கு.

இந்த இனத்தில் பல பிரிவுகள் உண்டு. தக்காளிக்காரர்கள் சாதுக்கள். எப்படியும் காய்த்துவிடும், நாலு பழத்தை நம் பையில் திணித்து அனுப்பிவிடுவார்கள். கீரைக்காரர்கள் அதைவிடச் சாது. அவர்களுக்குப் பேசவே நேரம் இருக்காது. பயப்பட வேண்டியது குட்டை ரக முள்ளில்லாத பிளாக்பெர்ரி வளர்ப்பவர்களைத்தான். ஏன் என்கிறீர்களா? அந்தப் பெயரைப் பாருங்கள். அத்தனை நீளமான பெயரை ஒருவர் வாயில் கொடுத்துவிட்டால், 'செடி வளர்க்கிறேன்' என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுப் போக அவருக்கு மனசு வருமா?

"தொட்டுப் பாருங்க."

தொடுகிறோம்.

"குத்துதா?"

"இல்லையே."

"குத்தாது!" என்பார், ஒவ்வொரு முள்ளையும் தானே உட்கார்ந்து பிடுங்கிப் போட்டவரைப் போல.

செடியை அவர் செடி என்று சொல்ல மாட்டார். "இவன்" என்பார். "இவனுக்கு நேத்துலேர்ந்து மனசு சரியில்ல, பாருங்க இலை தொங்குது." பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறவர், இவனுக்காக அரை நாள் விடுப்பு எடுப்பார். அவர் வீட்டில் முட்டை ஓட்டைக் குப்பையில் போட முடியாது, தேயிலைச் சக்கையைப் போட முடியாது, வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று விருந்தாளி திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான். பழம் மட்டும் இருக்காது. பழத்துக்குப் பதிலாகக் காரணங்கள் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும். வெயில் போதவில்லை. வெயில் அதிகம். எதிர் கட்டடத்துக் கண்ணாடியில் பட்டு வருகிற வெயில் தரமான வெயில் இல்லை.

எங்கள் மாடிவீட்டு அண்ணன் இந்தப் பிரிவில் மிகச் சிறந்த மாதிரி. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நம் மூக்கின்மேல் கண்ணாடியை வைத்து, தள்ளி நின்று பார்த்து, இடது காது பக்கம் ஒரு நெளி, வலது காது பக்கம் ஒரு நெளி நெளித்து, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வருகிற வரைக்கும் விடமாட்டார். நல்ல தொழில்காரர். நல்ல மனிதரும்கூட. பிளாக்பெர்ரியைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது.

"இந்த வருஷம் முளைச்ச குச்சி இந்த வருஷம் பழம் தராது. அப்படியே விட்டுடணும். குளிர்ல சும்மா நிக்கும். அடுத்த வருஷம் அதே குச்சியிலதான் பூ, அதே குச்சியிலதான் பழம். இது புரியாம பல பேரு வெட்டித் தள்ளிடுறாங்க. முட்டாளுங்க!"

எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார், பாருங்கள். நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

சரி, குளிர்காலம் வருகிறது. இலை உதிர்கிறது. அண்ணன் கத்தரியை எடுக்கிறார். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். அவருடைய பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்துக் கத்தரியைத் துடைக்கிறார். காய்ந்த குச்சியை மட்டும் எடுத்துவிடலாம் என்றுதான் உட்காருகிறார், சத்தியமாக. ஒன்றை வெட்டுகிறார். தள்ளி நின்று பார்க்கிறார். இடது பக்கம் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. அதற்குச் சரியாக வலது பக்கம் ஒன்றை எடுக்கிறார். இப்போது வலது பக்கம் தாழ்ந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று தன் மீசையைத் தானே திருத்திக்கொள்கிற எவரையாவது பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான். பொழுது சாயும்போது தொட்டியில் நாலு விரல் உயரத்துக்குச் சில கட்டைகள் நிற்கும், எல்லாம் ஒரே மட்டத்தில், பார்க்கவே லட்சணமாக. அடுத்த வருஷப் பழம் முழுவதும் கீழே குப்பைக்கூடையில் கிடக்கும்.

வசந்தத்தில் புதுக் குச்சிகள் புறப்படும். ஆகா, என்ன செழிப்பு! ஆளுயரம் வளரும், பழம் தராது, குளிரில் வெட்டுப்படும். வருஷா வருஷம் இப்படி. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள், "நீங்க வெட்டுறதுதான் காரணமா இருக்குமோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, வெட்டக்கூடாத குச்சி எது என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். கேட்டவர் அன்றிலிருந்து எதிர்ப்பக்கமாக நடந்து போகிறார்.

இதில் எனக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். நான் கீழ்வீடு. என் துணிக்கொடிக்கு நேர் மேலே அவருடைய பால்கனி. ஒரு நாள் மீன் கழிவில் செய்த உரத்தண்ணீர் என் வெள்ளைப் படுக்கை விரிப்பில் சொட்டுச் சொட்டாக இறங்கி, விரிப்பு காய்ந்த பிறகும் வாசனை காயவில்லை. அதைக் கையில் சுருட்டிக்கொண்டு சண்டைக்கென்றே மாடியேறினேன். கதவைத் திறந்தது அவர் மனைவி, எனக்கு அக்கா. விரிப்பைப் பார்த்தார்.

"உனக்கு ஒரு துணிதான் போச்சு. எனக்குப் பால்கனியே போச்சு. உள்ள வந்து பாரு."

பார்த்தேன். படுக்கையறையின் குறுக்கே கயிறு கட்டி அவருடைய வெள்ளைச் சீருடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டிலுக்குப் போக வேண்டுமென்றால் ஈரத் துணியை முகத்தால் விலக்கிக்கொண்டு போக வேண்டும். காற்று படாமல் காய்ந்த துணிக்கென்று ஒரு வாடை உண்டே, அதுதான் அந்த வீட்டின் வாடையாக இருந்தது. "வார்டுல நோயாளியே மூக்கைப் பொத்திக்கிறாங்க" என்றார் அக்கா. அவர் கேட்டதெல்லாம் ஒரே ஒரு கயிறு கட்ட இடம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அண்ணன்மேல்.

அன்றைக்கே பஞ்சாயத்து. நான்தான் நடுவர்.

"வர்ற பருவத்துல ஒரு பழம். ஒரே ஒரு பழுத்த பழம் என் கண்ணுல காட்டுங்க. காட்டிட்டா நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா தொட்டி கீழ போகும், துணிக்கொடி மேல வரும்" என்றார் அக்கா.

"ஒரு பழமா? கூடைக்கூடையா வரும்" என்றார் அண்ணன்.

அண்ணன் தோற்பது உறுதி என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்தக் கையும் கத்தரியும் இருக்கிறவரை பழம் எப்படி வரும்? ஆனால் குளிர் தொடங்கிய புதிதில், தன் செடிக்குத் தான் ஊற்றிய தண்ணீரில் பிடித்த பாசியில் தானே வழுக்கி விழுந்து, அண்ணன் காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு. கட்டில். செடி வெட்டுகிற கவாத்துப் பருவம் வேறு வந்துவிட்டது. படுத்தவருக்குக் கால் வலியைவிடக் கை அரிப்புத்தான் தாங்கவில்லை.

"நீயாவது வெட்டிடு. நான் சொல்லச் சொல்ல வெட்டு."

இரவு வேலை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் அக்கா. நான் கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தால், கத்தரியோடு பால்கனிக்கு வந்து, திரையை இழுத்து மூடிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கால் இரண்டையும் தொட்டி விளிம்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி வெறும் காற்றை வெட்டுகிறார். கடக். கடக்.

"எந்தப் பக்கம் வெட்டுன?" உள்ளேயிருந்து குரல்.

"இடது."

"சத்தத்துலயே தெரிஞ்சுது. வலது பக்கமும் ரெண்டு போடு."

கடக். கடக்.

"அவசரப்படாத. தள்ளி நின்னு பாரு. மட்டமா இருக்கா?"

"ரொம்ப மட்டமா இருக்குங்க" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. என்னைப் பார்த்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். மாவுக்கட்டு பிரித்து, ஊன்றுகோலோடு அண்ணன் பால்கனிக்கு வந்த வேளையில், வெட்டுப்படாத குச்சிகளில் வெளிர் ரோஜா நிறத்தில் பூ பூத்துத் தள்ளியிருந்தது. குச்சி ஏன் இத்தனை நீளம் என்று அவர் கேட்டாரா? கேட்பாரா! "பாத்தியா, படுத்துக்கிட்டே கவாத்து பண்ணேன்!" என்றார். தெருவில் போகிறவர்களையெல்லாம் மேலே கூப்பிட்டார். கடைக்குக் கண் சோதிக்க வந்தவர்கள் எழுத்துப் பலகையைப் படிப்பதற்கு முன் பூவின் படத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அக்காவுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. சோம்பல்பட்டுச் செய்த ஒரு காரியத்தால் தன் பால்கனியைத் தானே தாரைவார்த்துவிட்டாரே! உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மட்டும் பூ உதிர்ந்துவிடுமா? பச்சைக் காய் சிவந்தது. சிவப்பு கறுத்தது. அண்ணன் பறிக்கவில்லை.

"கறுப்பானா பழுத்துடுச்சுன்னு அர்த்தமில்ல. இப்ப பளபளன்னு இருக்கில்ல? அது புளிப்பு. பளபளப்பு போயி மங்கலா வரணும். தொட்டதும் கையில விழணும். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வச்சுப் பறிப்போம். அன்னைக்கு ஒரு பழம் காட்டலன்னா நான் தோத்ததா வச்சுக்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணனின் தமக்கையும் அத்தானும் வந்தார்கள். நடுவர் என்ற முறையில் நானும் போனேன். குருவிக்குப் பயந்து போட்டிருந்த வலையை அண்ணன் விழா எடுப்பதுபோல் விலக்கினார். உள்ளே எல்லாம் சிவப்பு. கறுப்பு ஒன்றுகூட இல்லை. நேற்றுச் சாயங்காலம் கறுத்து நின்றவை வெறும் காம்பாக நின்றன.

"வலைக்குள்ள எப்படிக் குருவி வந்துச்சு?" என்றார் அண்ணன். வலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"சிவப்பா இருந்தா என்ன மாப்ளே, பழம் பழம்தானே" என்று அத்தான் ஒன்றைப் பறித்து வாயில் போட்டார். அடுத்த நொடி ஒரு கண் மூடிக்கொண்டது, காது மேலே போனது, அதற்குப் பிறகு கிளம்பும்வரை அவர் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லவில்லை.

அண்ணன் சப்பைக்கட்டுக் கட்டுவார் என்று பார்த்தேன். கட்டவில்லை. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே போனவர், படுக்கையறைக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "சொன்னா சொன்னதுதான். எங்க கட்டணும்னு சொல்லு, கட்டித் தரேன்." எனக்கே பாவமாகிவிட்டது. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். நாங்கள் வந்ததிலிருந்து அவர் வாயைத் திறக்கவே இல்லை. கேட்டதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போது வேறு வழியில்லை.

"போகுது விடுங்க. இன்னும் ஒரு வருஷம் பாக்கலாமே."

நாக்கு கருநீலம். பல்லிடுக்கெல்லாம் கருநீலம். அடுத்தவர் கண்ணாடியில் ஒட்டிய தூசியைத் தெரு முனையிலிருந்தே கண்டுபிடிக்கிற அண்ணன் அதைப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது, பாவம்.

நான் பார்த்தேன். படியிறங்கும்போது அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"கத்தாத. சாட்சி இருக்கக்கூடாதுன்னுதான் முதல் பழத்தை வாயில போட்டேன். நம்பு."

"ரெண்டாவது?"

அக்கா நாக்கால் உதட்டைத் துழாவிக்கொண்டார். "வேலை முடிஞ்சு விடியக்காலைல வந்து, அந்த நாற்காலியில உக்காந்து, ஒண்ணைத் தொட்டா அப்படியே கையில விழுது. இனிப்புன்னா அப்படி ஒரு இனிப்பு! இதுக்கப்புறம் அங்க துணிக்கொடி கட்டி என்ன பண்ணப்போறேன், சொல்லு?"

அடுத்த குளிர் வருவதற்குள் ஒரு செய்தித்தாள் பொட்டலம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பிரித்தால் கத்தரி. "அவரு வந்து கேட்டா பாக்கலன்னு சொல்லிடு" என்று உத்தரவு. அண்ணன் தேடாத இடமில்லை. என்னிடமும் வந்து கேட்டார். நானும் சேர்ந்து கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன்.

போன வாரம் மாடிக்குப் போனேன். 'வா' என்ற சொல் முடிவதற்குள் என் கையைப் பிடித்து, கூடத்தைத் தாண்டி, படுக்கையறையில் ஈரச் சீருடை ஒன்று என் முகத்தில் பளாரென்று அறைந்ததையும் பொருட்படுத்தாமல், பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். இழுத்தது அண்ணன் இல்லை.

"தொட்டுப் பாரு. குத்துதா?" என்றார் அக்கா.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் தொட்டியே இல்லை, அதனால் தப்பித்தோம் என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். அடுப்பில் வேகிறதை மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது யார்? குழந்தை வரைந்த படத்தில் 'இந்த ஒரு கோட்டை மட்டும்' என்று பென்சிலை வாங்கியவர் யார்? சும்மா விட்டாலே சரியாகிவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டவர்? நான் யாரையும் சுட்டிக்காட்டவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்கே உங்கள் வீட்டில் கத்தரியோ, திருப்புளியோ, சிவப்பு மை பேனாவோ காணாமல் போய், வீட்டில் எல்லோரும் உங்களோடு சேர்ந்து வழக்கத்தைவிட அக்கறையாகத் தேடினால், நீங்கள் தேடுவதை நிறுத்திவிடுங்கள். அது கீழ்வீட்டில் பத்திரமாக இருக்கும்.