மூக்கைத் திறந்துவிட்ட மருமகளுக்கு

என் அக்கா வயிற்றில் பிறந்த அறிவுச் சுடரும், பழைய புத்தகங்களையெல்லாம் தூசி தட்டிக் கரைத்துக் குடித்திருக்கும் நூலகத்து அதிகாரியும், எல்லாவற்றுக்கும் மேலாக என் மூக்கைக் காத்த தெய்வமுமாகிய அன்பு மருமகளுக்கு, உன் தாய்மாமன் மூச்சு நிறைய ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் தொண்டை நலம், இடது மூக்கு நலம், வலது மூக்கு அதைவிட நலம். உன் அத்தையும் நலம்தான், ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறாள். காரணம் கீழே வரும். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அடைப்பு எதுவும் இல்லாமல் இருக்கிறீர்களா என்று ஒரு வரி எழுதவும்.

நீ அனுப்பிய அந்த ஒற்றைப் பக்கத்துக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? தொண்டைக்கட்டுக்கும் மூக்கடைப்புக்கும் ராஜா காலத்து வைத்தியர் ஒருவர் எழுதிவைத்ததைப் படியெடுத்து அனுப்பினாய். நடை கொஞ்சம் கரடுமுரடு. வேறு ஆளாக இருந்தால் திணறிப்போயிருப்பான். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை; அதனால் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி உதவினாள் என்று வேண்டுமானால் சொல்லலாம். படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, இவர் சாதாரண வைத்தியர் இல்லை, ராஜாவின் பட்டத்து யானைக்கே ஜலதோஷம் நீக்கியவர். நீ அப்படி எழுதவில்லைதான். ஆனால் பஸ் நிலையம் முழுக்க நான் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் நீயும் ஆமாம் என்று சொல்லிவிடு.

விஷயத்தின் அவசரம் உனக்குத் தெரியும். எங்கள் நிலையத்துக்குப் புதிதாக ஒலிப்பதிவு யந்திரம் வந்திருக்கிறது. பஸ் வருவது, கிளம்புவது எல்லாவற்றையும் ஒருவர் ஒருமுறை பேசிக் கொடுத்துவிட்டால் போதும், காலத்துக்கும் அதுவே சொல்லிக்கொண்டிருக்கும். யார் குரல் உள்ளே போகிறதோ அவருக்குத்தான் இனி அறிவிப்பு அறை. மற்றவருக்குத் தொலைந்துபோன குடைகளைக் காக்கும் அறை. இத்தனை வருஷமாக அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஊர் உலகத்தையே வழியனுப்பியவன் நான். என் அறிவிப்பு முடிந்ததும் விசாரணை ஜன்னலில் கூட்டம் முண்டியடிக்கும், "இப்ப என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?" என்று. ஒரு தடவை கேட்டது போதாமல் மறுபடியும் கேட்கத் துடிக்கிற அளவுக்கு ரசிகர்கள்! எனக்குப் போட்டி யார் தெரியுமா? நேரக்காப்பாளர். விசில் ஊதி ஊதியே குரலும் விசிலாகிப்போனவர். யந்திரம் வந்திறங்கிய அன்றைக்குப் பார்த்து எனக்கு மூக்கு இரண்டும் சிமெண்டு பூசினதுபோல அடைத்துக்கொண்டது. மேலாளர் அம்மா, "சும்மா யந்திரம் வேலை செய்யுதான்னு பார்க்கலாம், ஏதாவது பேசுங்கண்ணே" என்றார். வாயில் வந்தது பஸ் அறிவிப்புதான், முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை பேசினேன். ஒரு வார்த்தை, ஒரு மூச்சு. இன்னொரு வார்த்தை, இன்னொரு மூச்சு. ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து எருமை பேசுகிறதுபோல இருந்தது. நேரக்காப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, குடையெல்லாம் பத்திரமா பார்த்துக்குவீங்கல்ல?" என்றார். அன்றைக்கு வந்து அழாத குறையாக உனக்கு எழுதினேன், நீயும் அந்தப் பக்கத்தை அனுப்பினாய்.

வைத்தியரின் முதல் கட்டளை என்ன? "தொண்டை கட்டினோன் முதற்கண் வாயைக் கட்டுக." பேசவே கூடாதாம். இது எனக்கு எப்பேர்ப்பட்ட சோதனை என்று உனக்குத் தெரியாதா? இருந்தாலும் நான் முனிவன்போல உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தை இப்படி ஒரு வாய்ப்புக்காகக் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவள்போல எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். "என்னங்க, சமையலறைக்கு ரோஜாப்பூ நிறம் அடிச்சுடலாமா? வேண்டாம்னா இப்பவே வாயைத் திறந்து சொல்லிடுங்க." நான் தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன், கரண்டியால் பானையைத் தட்டினேன். "சரி, சந்தோஷத்துல ஆடறீங்க" என்று பெயின்டரை வரச்சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் சமையலறைக்குள் நுழைந்தால் பல் டாக்டரிடம் வாயைக் காட்டிக்கொண்டு அதே வாய்க்குள்ளே நாமே நிற்பதுபோல இருக்கிறது. குரல் திரும்பியதும் நான் முதன்முதலில் சொன்னது அந்தச் சுவரைப் பற்றித்தான். அதனால்தான் அவள் இப்போது பேசுவதில்லை. ஆக வைத்தியரின் மௌனம் வீட்டில் ஆள் மாறியிருக்கிறதே தவிர, தொடர்ந்து கடைப்பிடிக்கப்படுகிறது.

இரண்டாவது, இளஞ்சூட்டு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லியிருந்தார். "குரல் எழும்படி ஆழக் கொப்பளிக்க" என்பது அவர் வாக்கு. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. அறிவிப்பு அறையிலேயே கெட்டிலை வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, கூரையைப் பார்த்தபடி கொப்பளித்தேன் பார், அப்படி ஒரு கொப்பளிப்பை அந்த யானைகூடக் கொப்பளித்திருக்காது. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. வெளியே மலைப்பாதை பஸ் கிளம்பத் தயாராக நின்றதாம். அந்த டிரைவர் சத்தத்தைக் கேட்டு இன்ஜினை அணைத்து, இறங்கி, முன்மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுவிட்டார். இன்ஜின் அணைந்தும் உறுமல் நிற்காததைப் பார்த்து வெலவெலத்துப்போய், "யாரும் ஏறாதீங்க! இது என்னமோ ஏதோ!" என்று ஏறியவர்களையும் இறக்கிவிட்டாராம். நேரக்காப்பாளர் கண்ணாடிக் கதவைத் திறந்து, "அண்ணே, துப்பிட்டுச் சொல்லுங்க, வண்டி எப்பக் கிளம்பும்?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். மேலாளர் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் குடைகள் வரிசையாகத் தெரிந்தன.

மூன்றாவது, மிளகுப்பொடியை ஒரு சிட்டிகை முகரச் சொல்லியிருந்தார். சிட்டிகை என்பது அந்தக் காலத்து நோஞ்சான் ஆட்களுக்கு. என்னைப் போன்ற உடம்புக்கு ஒரு பிடி வேண்டும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அப்புறம் நடந்ததை எழுத்தில் எழுத முடியாது. வந்த தும்மலில் எங்கள் வீட்டு ஜன்னல் கதவு தானாகத் திறந்தது என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். பக்கத்து வீட்டு ஜன்னல் தானாக மூடிக்கொண்டது, அதையாவது நம்பு. ஆனால் கண்ணு, அந்தத் தும்மலுக்குப் பின்னால் ஒரு காற்று வந்தது பார்! எத்தனை நாளாகக் காணாத காற்று! உன் அத்தை வதக்கிய வெங்காயத்தின் வாசம் சரசரவென்று மூளை வரைக்கும் ஏறியது. சுவர் நிறத்தையும் மறந்து நான் அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன். வெங்காயத்தால் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உன்னை நினைத்துத்தான் அழுதேன்.

நேற்று அசல் பதிவு. நேரக்காப்பாளர் முதலில் பேசினார். வெளியே இரண்டு டிரைவர்கள் விசில் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார்கள். அடுத்து நான். திறந்த மூக்கு, கழுவிவிட்ட தொண்டை. எல்லா நடைமேடை அறிவிப்பையும் ஒரே மூச்சில், கமா போடாமல், அருவி மாதிரி கொட்டினேன். இடையிடையே பயணிகளுக்கு வாழ்த்து, டிரைவர்களுக்குப் புத்திமதி, தேவையான இடத்தில் இழுவை, தேவையில்லாத இடத்தில் இன்னும் கொஞ்சம் இழுவை. மேலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். "நாளைக்குக் காலையில ஒலிபெருக்கியில கேளுங்கண்ணே, உங்க குரல்தான்" என்று என்னிடமே சொல்லிவிட்டார். இதெல்லாம் யாரால்? உன்னாலும் அந்த யானை வைத்தியராலும். நீ மட்டும் இல்லையென்றால் இந்நேரம் உன் மாமன் குடைக்கு நடுவே ஒரு குடையாகச் சாய்ந்துகிடப்பான். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளைகள் உன்னைப் போலப் படிக்க வேண்டும், என்னைப் போலப் பேச வேண்டும். அக்காவிடம் தம்பியின் குரல் சாகாவரம் பெற்றுவிட்டது என்று சொல். உன் வீட்டுக்காரருக்கு என் மரியாதையும், சின்னவனின் மூக்குக்கு என் தனி விசாரிப்பும்.

இப்படிக்கு,
எல்லாத் துவாரங்களும் திறந்த நிலையில்,
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் என் குரலைக் கேட்டுவிடலாம் என்று நிலையத்துக்கு வந்தேன். பார்சல் கவுண்டரில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். ஒலிபெருக்கியில் வருவது என் குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஒரு வார்த்தை, ஒரு மூச்சு. இன்னொரு வார்த்தை, இன்னொரு மூச்சு. சும்மா யந்திரத்தைப் பார்ப்பதற்காகப் பேசச் சொன்னார்களே, அதைப் போட்டுவிட்டார்கள்! ஓடிப்போய் மேலாளர் அம்மாவைக் கேட்டேன். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இத்தனை வருஷத்துல நீங்க சொன்னது ஜனங்களுக்குப் புரிஞ்சது மூக்கடைச்ச அன்னைக்குத்தான். விசாரணை ஜன்னலைப் பாருங்க" என்றார். பார்த்தேன். ஆள் இல்லை. பெஞ்சில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா அறிவிப்பைக் கேட்டதும் எழுந்து, யாரையும் எதையும் கேட்காமல், நேராகப் போய்ச் சரியான பஸ்ஸில் ஏறினார்.

அறிவிப்பு அறை எனக்குத்தானாம். ஆனால் காணாமல்போன பிள்ளை, நேரம் மாறிய பஸ் இதையெல்லாம் நான் நேரில் சொல்லும்போது யந்திரத்துக் குரலும் என் குரலும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஜனங்கள் குழம்புவார்களாம். அதனால் மருமகளே, நன்றியில் எந்த மாற்றமும் இல்லை, எழுதியது எழுதியதுதான். அந்த வைத்தியர் மூக்கை அடைப்பதற்கு ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் உடனே அனுப்பு. திங்கட்கிழமை எனக்குக் காலை டியூட்டி.