புளியமரத்தைத் தாண்டி வந்த குழந்தை

மைசூரில் எந்தத் தெருவில் எந்த மரத்துக்கு எத்தனை இலை என்று தெரிந்த ஒரே மனிதர் எங்கள் இலை சார்தான். தோட்டக்காரர் அல்ல, இன்டர்நெட் கம்பெனி எஞ்சினியர். தொண்ணூறுகளின் கடைசியில் விஜயநகரில் ஒரு வீட்டு மாடியில் நடந்த அந்தக் கம்பெனியில் புகார் போன் எடுப்பது என் வேலை. நல்ல டெலிபோன் லைன் இல்லாத கிராமங்களுக்கு ரேடியோ அலையில் இன்டர்நெட் கொடுப்பது முதலாளியின் கனவு. அந்த அலையை நடுவில் நிற்கும் மரங்கள் குடித்துவிடும் என்பது இலை சாரின் கவலை.

கையில் மீட்டரோடு ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்பார். மரம் வெட்ட வந்த கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்து ஒரு பென்ஷன்காரர் மனுவே கொடுத்துவிட்டார். இலை சார் அதைப் படித்துப் பார்த்து, "மாமரம் பரவாயில்ல. உங்க பலாமரம்தான் மோசம்" என்று சொல்லி அனுப்பினார்.

ஒருநாள் பெங்களூரிலிருந்து டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் புது ரேடியோ பெட்டியோடும் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தோடும் வந்தார்.

"இந்தப் படத்துல மரா எங்க இருக்கு, நோடி?" என்று கன்னடம் கலந்து, பார்க்கச் சொன்னார் இலை சார். படத்தில் இருந்தது பாலைவனம்.

"சார், இது லேட்டஸ்ட் மாடல்."

"மரத்துக்கு அது தெரியுமா?"

சொன்னதோடு நிற்கவில்லை. பக்கெட் தண்ணீரில் முக்கியெடுத்த வேப்பங்கிளையை அந்தப் பெட்டியின் ஆன்டெனா முன்னால் பிடித்தார். சிக்னல் படுத்துவிட்டது. "ஆபீஸுக்குள்ள குப்பை போடாதீங்க" என்றார் முதலாளி. விற்பனையாளரின் பெட்டியில் ஐந்து பச்சை விளக்குகள் எரிந்தன. இலை சார் சிபாரிசு செய்த பழைய, மெதுவான ரேடியோவில் ஒன்றுகூட இல்லை. எதை வாங்கினோம் என்று சொல்லவும் வேண்டுமா?

கோடையில், கொள்ளேகால் கிளை மாடியிலிருந்து பக்கத்து ஊர் விவசாயி நல்லசாமியின் வீட்டுக்கு இணைப்பு கொடுத்தோம். விழாவில் முதலாளி தனக்கே மாலை போட்டுக்கொண்டார். மழை வந்தது. நடுவில் நின்ற புளியமரம் துளிர்த்து நனைந்தது. இணைப்பு செத்தது.

நல்லசாமி எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார். "ஏனுங்க, அமெரிக்காவுல எம்மகளுக்குக் கொழந்தை பொறந்திருக்குது. போட்டோ அனுப்பிச்சிருக்குதாம். ஊட்டுக்காரி மூணு நாளாச் சரியாச் சோறு திங்கலீங்க."

"மரத்தை வெட்டச் சொல்லு" என்றார் முதலாளி.

நானும் இலை சாரும் போய் இறங்கியபோது நல்லசாமி கோடாரியோடு தயாராக இருந்தார். மரங்களைத் திட்டியே சம்பளம் வாங்கிய இலை சார் குறுக்கே போய் நின்றார்.

"எனக்கும் மனசில்லீங்க. ஆனா பேத்தி மொகத்தப் பாக்கோணுமில்லீங்களா?"

"மரத்து மேல தப்பில்ல. பெட்டிதான் தப்பு. சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க."

ஜீப்பிலிருந்து அந்தப் பழைய ரேடியோவை இறக்கினார். அதன் ஜோடியை வரும் வழியிலேயே, யாரையும் கேட்காமல், கொள்ளேகால் மாடியில் மாட்டிவிட்டு வந்திருந்தார். இதை மூங்கில் கம்பத்தில் கட்டித் தூக்கி நிறுத்தினார். அதன் அலை இலைகளுக்குள் புகுந்து ஆமை வேகத்தில் வந்து சேர்ந்தது.

படம் மேலிருந்து கீழாக வந்தது. கால் மணி நேரம் வெறும் முடி. பிறகு நெற்றி. "எங்கம்மா நெத்திங்க" என்றார் நல்லசாமி. புருவம் வந்ததுமே அவர் மனைவி அழ ஆரம்பித்துவிட்டார். மூக்கு வருவதற்குள் எல்லோரும் காபி குடித்து முடித்தோம்.

இலை சாரை மட்டும் காணவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். காற்றில் கம்பம் சாயாமல் இரண்டு கைகளாலும் அணைத்தபடி தூறலில் நின்றிருந்தார்.

"உள்ள வாங்க சார், வாய் வந்துட்டிருக்கு."

"நான் விட்டா படம் நின்னுடும். சிரிக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

போய்ப் பார்த்தேன். குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. திரும்பி வந்து, "சிரிக்குது சார்" என்று சொல்லிவிட்டு, கம்பத்தை மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டேன்.