முப்பது கட்டத்துக்குள் ஒரு பாக்டரி

டிரையரை வைக்க இடமில்லை. ஆசீர்வாதம் எரிச்சலில் மொத்த பாக்டரியையும் தூக்கிக் கட்டில்மேல் கொட்டினார்.

நிஜ பாக்டரி இல்லை, மரக்கட்டைகள்தான். 1974-ல் தேயிலைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு யோசனை பிறந்து, மூணாறுப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கெல்லாம் 'நிர்வாக விளையாட்டு' என்று ஒரு பெட்டி அனுப்பியிருந்தது. கட்டம் போட்ட பலகை, பெயர்ச்சீட்டு ஒட்டிய கட்டைகள், எங்கே கெடுகிறது என்று சோதித்துப் பார்க்க ஒரு கட்டு அட்டைகள். கொழுந்து உள்ளே வந்து தேயிலையாகப் பெட்டியேறும்வரை எல்லாமே ஒரே கூரைக்குள் அடங்கவேண்டும். தேவையில்லாததை விட்டுவிடலாம். யாருடைய பாக்டரி குறைந்த கட்டங்களில் ஓடுகிறதோ அவருக்கே, பாக்டரியை நடத்தும் டீமேக்கருக்கு அடுத்தபடியான உதவி டீமேக்கர் வேலை என்று எஸ்டேட் மேனேஜர் துரையே சொல்லிவிட்டார்.

அந்த வேலை ஆசீர்வாதத்துக்குக் கட்டாயம் வேண்டும். இலை உருட்டும் ரோலர் இரைச்சலில் நின்றே பதினாறு வருஷம் போய்விட்டது. வேலையோடு, அடுப்படி தனியாக உள்ள குவார்ட்டர்ஸும் உண்டு. இப்போது அவரும், மனைவி இன்பமேரியும், நாலு பிள்ளைகளும், இரண்டு கோழிகளும் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஒற்றை அறையில்தான் காலம் தள்ளுகிறார்கள்.

டிரையரை, இலை புளிக்கவைக்கும் அறைக்குப் பக்கத்தில் வைத்தார். முப்பத்தாறு கட்டம். அட்டையை எடுத்தார்: 'சூடு தாங்காமல் இலை கெட்டது.'

டிரையரைத் தள்ளி வைத்தார். அது பெட்டி அடுக்கும் இடத்தை ரோலர் பக்கம் தள்ளியது. 'ஈரம் ஏறித் தேயிலை பூசணம் பிடித்தது' என்றது அடுத்த அட்டை. நடுவில் சுவர் வைத்தார். நாற்பத்து நாலு கட்டம்.

"சேத்து வச்சாலும் கெடுது, பிரிச்சு வச்சாலும் பெருக்குது. எங்கூட ரோலர்ல நிக்கிற அந்த மிக்கேல் முப்பத்தொண்ணுல முடிச்சுட்டானாம்."

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இன்பமேரி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம வீட்டப் பாருங்க. கட்டிலுக்குக் கீழ கோழி. அடுப்புக்கு மேல பரண்ல ஈர வெறகு, அடுப்புச் சூட்டுலயே காயுது. எல்லாத்தையும் தரையில பரப்புனா எங்ஙன கொள்ளும்?"

அவருக்குச் சுருக்கென்று உறைத்தது. கொழுந்து வாட்டும் தட்டுகளைத் தூக்கி டிரையருக்கு மேலே மாடியாக வைத்தார். மற்றதெல்லாம் தானாக வழிவிட்டது. முப்பத்தொன்று!

"மிக்கேலுக்குச் சமமாத்தான வந்திருக்கு. இன்னும் ஒண்ணு கொறையணுமே" என்று முனகினார்.

நடுவில் ஒரு சின்னச் சிவப்புக் கட்டை இருந்தது. மழை ஈரத்தில் அதன் சீட்டு எப்போதோ உதிர்ந்திருந்தது.

"இது என்ன மிஷினு?"

"மிஷினு எல்லாம் வச்சாச்சு, இது மிஷினு இல்ல. என்னன்னே தெரியல."

"இது இல்லாம கொழுந்து வாடுமா?"

"வாடும்."

"ரோலர் ஓடுமா?"

"ஓடும்."

"பெட்டி ஏறுமா?"

"ஏறும்."

"பெறகு எதுக்கு நடுவுல வழிய மறிச்சுக்கிட்டு?" என்று அதை எடுத்துக் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஆடிக்கொண்டிருந்த கட்டில் அன்றுதான் நின்றது.

முப்பது கட்டம். ஒட்டுமொத்த அட்டைகளையும் எடுத்துப் பார்த்தார். பாக்டரி ஜம்மென்று ஓடியது. பார்த்துப் பார்த்துத் தாளில் வரைந்து மறுநாளே ஆபீசில் கொடுத்தார்.

அடுத்த வாரத்துக்குள் இன்பமேரி குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதாகவே லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டியாயிற்று. வியாழக்கிழமை ஆபீஸ் பியூன் சுருளிவேல் கடிதத்தோடு வந்தான்.

"அண்ணாச்சி, நீங்கதான் மொதல்! நம்ம பாக்டரிய உங்க பிளான்படியே மாத்தப் போறாங்களாம். துரைக்கு வாயெல்லாம் பல்லு."

ஆசீர்வாதத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"குவார்ட்டர்ஸ் சாவி எங்கப்பா?" என்றாள் இன்பமேரி.

சுருளிவேல் தலையைச் சொறிந்தான். "சாவி இல்லக்கா. அந்த வேலையவே எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா? எந்தப் பாவி எடுத்தான்?" என்று ஆசீர்வாதம் கத்திவிட்டார்.

சுருளிவேல் குனிந்து கட்டில் காலைப் பார்த்தான்.

"நீங்கதான் அண்ணாச்சி. ஆபீஸ் பெட்டியில சீட்டு அப்படியே இருக்கு. இந்தா கெடக்கே செகப்புக் கட்ட, இதுதான் உதவி டீமேக்கர்."