தும்மலும் தாழ்ப்பாளும்

தும்மல் வந்ததும் குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளே விழுந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. மாமியார் கால்களைப் பின்னிக்கொண்டு சுவரைப் பிடித்தாள்.

"உள்ள யாரு?"

"நான்தான் அத்தை. இதோ வந்துட்டேன்."

மருமகள் வெளியே வந்தபோது காரியம் கைமீறி, தரை நனைந்திருந்தது. அவள் பார்வை தரைக்குப் போவதற்குள் மாமியார் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்தாள்.

"கை தவறிடுச்சு."

"பரவாயில்லத்தை." மருமகள் பரபரவென்று துடைத்தாள். அந்தப் பரபரப்புதான் இடித்தது. பேத்தி பிறந்ததிலிருந்தே அவள் போக்கு சரியில்லை. விஷயத்தை மோப்பம் பிடித்திருப்பாள். நாளைக்கு மகன் காதுக்குப் போகும், பிறகு சம்பந்தி வீடு வரை நாறும்.

முதல் வேலையாக மாமியார் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். வயிறு கல்லாயிற்று. முக்கி முக்கி முகம் சிவந்ததுதான் மிச்சம், இருமினாலும் கசிந்தது. ஈரச் சேலை யார் கண்ணிலும் படக்கூடாதென்று வாளி வாளியாக மாடிக்குத் தூக்கினாள். இப்போது படி ஏறினாலே கசிந்தது. கடைசியில் நாற்காலியைக் குளியலறை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மருமகளின் தையல் மெஷினும் அங்கே வந்துவிட்டது.

"ஹால்ல இடமே இல்லையா?"

"இங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு. நீங்க என்ன பண்றீங்க அத்தை?"

"காத்து வாங்கறேன்."

மகன் இருவரையும் பார்த்தான். "என்ன, ரெண்டு பேரும் டிக்கெட் குடுக்கறீங்களா?"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று மாமியாருக்கு நிச்சயமாயிற்று.

மருமகள் நூல் வாங்கக் கிளம்பிய நேரம் பார்த்து, பேத்தியை மகனிடம் விட்டு, கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லி, ஊரின் மறுகோடியிலிருந்த பெண்கள் கிளினிக்குக்குப் போனாள்.

"எத்தனை பிரசவம்?" என்றாள் நர்ஸ்.

"மூணு."

"மலச்சிக்கல் இருக்கா? கனம் தூக்குவீங்களா? விடாத இருமல்?"

மாமியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்க வீட்லேர்ந்து யாராச்சும் பேசினாங்களா?"

"எல்லாரையும் கேக்கறதுதாம்மா. இதனாலெல்லாம் இடுப்புக்கூட்டுக்கு அடியில மூத்திரப்பையைத் தாங்கற தசை தளர்ந்துடும். உள்ள பயிற்சி நடக்குது, போங்க."

கதவைத் திறந்தாள். முதல் பாயில், முழங்காலை மடக்கி மல்லாந்திருந்தவள் மருமகள்.

"இங்கயும் வேவு பாக்க வந்துட்டியா?"

மருமகள் பதறி எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்துப் பாயிலிருந்த பெண் தலையைத் தூக்கி அவளிடம் கேட்டாள்:

"அவசரத்துக்குக்கூட பாத்ரூம் பக்கம் போகவிடாம உன்னை உளவு பாக்கற மாமியார் இவங்கதானா?"