நிச்சயமா என்று கேட்ட இயந்திரம்

நடைபாதைப் பராமரிப்புத் துறையின் மூன்றாம் மாடி அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வந்த நாளில் அது வெள்ளையாக இருந்ததாகப் பதிவேடு சொல்கிறது. இப்போது பழுத்த எலுமிச்சை நிறம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மூலையில் ஓயாமல் கண் சிமிட்டும் ஒரு சிறு கோடு. படம் கிடையாது, வண்ணம் கிடையாது, தொட்டால் ஒன்றும் நடக்காது. ஆனால் துறையின் உத்தரவு எதுவானாலும் அந்த இயந்திரத்தில் அச்சாகி வந்தால்தான் செல்லும் என்று ஒரு விதி இருந்தது. விதியை எழுதியவர் ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. விதி ஓய்வு பெறவில்லை.

அதனோடு பேசத் தெரிந்தவள் அங்கே ஒருத்திதான், தட்டச்சர். 'டிர்' என்று தட்டினால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் காட்டும். 'காப்பி' என்றால் நகல் எடுக்கும். 'டெல்' என்றால் அழிக்கும். 'சி.எல்.எஸ்' என்றால் திரையில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். கண்காணிப்பாளருக்கு இந்தக் கடைசிக் கட்டளை மேல் தனிப் பிரியம். வேலை மலைபோல் குவிந்த நாட்களில் பின்னால் வந்து நின்று, "அதைத் தட்டும்மா, ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்" என்பார். திரை காலியானதும் அன்றைய வேலை முடிந்த நிம்மதியோடு டீ குடிக்கப் போய்விடுவார்.

அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'பார்க்கலாம் சார்'. எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார். இருபத்தாறு வருடத்தில் எதையும் பார்த்ததில்லை, ஆகவே அவர் மேல் ஒரு புகாரும் இல்லை.

அந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி தட்டச்சருக்குப் பொழுது நன்றாக விடிந்தது. ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த இடமாற்றம், கூடவே பதவி உயர்வோடு வந்திருந்தது. கணவனும் ஏழு வயது மகளும் ஒன்பது மணி நேர பஸ் தூரத்தில் இருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வருவாள். பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னபோது மகள் அப்பாவை வீட்டுக்குள்ளும் அம்மாவைப் பஸ்ஸுக்குள்ளும் வரைந்து வைத்தாளாம். கணவன் அதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான். இவள் போனை வைத்துவிட்டு அழுதாள்.

உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் இங்கிருந்து விடுவிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். விடுவிப்பு ஆணையை அடித்து, அச்செடுத்து, கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்தோடு சேர்த்து ஐந்து நிமிட வேலை.

அவள் ஆணையை அடித்து முடித்தாள். இடமில்லை என்றது இயந்திரம். வயிறு நிறைந்துவிட்டது அதற்கு. 'டிர்' தட்டிப் பார்த்தால் 'பழசு' என்று ஒரு கோப்புறை. உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு சுற்றறிக்கைகள். தாழ்வாரத்தில் குடையை விரித்துக் காயவைக்கக் கூடாது என்று ஒன்று. அதில் குடை என்றால் என்ன என்று விளக்கி ஒன்று. அந்த விளக்கத்தைத் திரும்பப் பெற்று மூன்று. அவள் 'டெல்' தட்டினாள். எல்லாம் அழிந்துபோகும், நிச்சயமா என்று கேட்டது இயந்திரம். ஆம் என்றால் 'ஒய்', இல்லை என்றால் 'என்'. விரல் 'ஒய்' மேல் போன நேரத்தில் பார்க்கலாம் சார் டீ கிளாஸோடு பின்னால் வந்து நின்றார்.

"நில்லும்மா! கையை எடு! அது என்னமோ கேக்குதே?"

"அழிக்கறது நிச்சயமான்னு கேக்குது சார். 'ஒய்' அழுத்தினா முடிஞ்சுது."

"யார்கிட்ட கேக்குது?"

"என்கிட்டதான் சார். நான்தானே தட்டினேன்."

"மெஷின் யாரோடது?"

"ஆபீஸோடது."

"அப்ப ஆபீஸ்கிட்ட கேக்குது. ஆபீஸ் சார்பா நிச்சயம்னு சொல்ல நீ யாரும்மா?"

"அப்ப நீங்க சொல்லுங்க சார்."

பார்க்கலாம் சார் டீ கிளாஸை மேசைமேல் வைத்தார். "நானா? இத்தனை வருஷ சர்வீஸ்ல எதுக்காவது நான் நிச்சயம்னு சொல்லிப் பார்த்திருக்கியா?"

"எல்லாம் குடை காயவைக்கறதைப் பத்தின குப்பை சார்."

"இன்னைக்குக் குப்பை. நாளைக்கே ஒருத்தன் ஈரக் குடையோட வந்து நின்னா?"

அவள் 'ஒய்' மேலிருந்து விரலை எடுத்தாள்.

அன்று மாலைக்குள் கோப்பு தொடங்கப்பட்டது. பொருள்: அலுவலக இயந்திரம் எழுப்பிய வினா, விடை அளித்தல் குறித்து. வினா நிலுவையில் இருக்கும்போது இயந்திரத்தை அணைப்பது மறைமுகமாக விடை அளித்ததற்குச் சமம் என்பதால், அது இரவும் பகலும் ஓட வேண்டும் என்று முடிவாயிற்று. விசைப்பலகையின் மேல் அட்டைப்பெட்டி மூடி ஒன்றைக் கவிழ்த்து, கயிறு கட்டி, அரக்கு முத்திரை வைத்தார்கள். காவலாளிக்கு அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போடப்பட்டது. இயந்திரம் வேறு ஏதாவது கேட்டால் குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் கொடுத்தார்கள்.

இருபத்தைந்தாம் தேதி கோப்பு நாலாம் மாடிக்குப் போனது. அங்கே இருந்தவர் துணை இயக்குநர். கீழே அவரை 'மாடி' என்றே சொல்வார்கள். மாடி கோப்பைப் படித்துவிட்டு, நவீன பிரச்சினைக்கு நவீன தீர்வு வேண்டும் என்று எழுதி ஓர் ஆலோசகரை வரவழைத்தார். அந்த வருடம் எல்லா அலுவலகங்களிலும் ஆலோசகர் வைப்பது மோஸ்தராக இருந்தது. வைக்காத அலுவலகத்தைப் பிள்ளைக்குப் பெண் பார்க்காத வீடு மாதிரி எல்லாரும் விசாரித்தார்கள்.

ஆலோசகர் சாக்ஸ் போடாமல் ஷூ போட்டிருந்தார். வந்ததும் திரையை விரலால் மேலே தள்ளினார். பிறகு பக்கவாட்டில் தள்ளினார். இரண்டு விரலால் விரித்தார். எட்டு வருடத் தூசி விரலில் வந்தது.

"இது பயனாளியோட மனசுவிட்டுப் பேசலை," என்றார்.

"கேள்வி கேட்டிருக்கே சார்," என்றாள் தட்டச்சர்.

"கேட்ட விதம் சரியில்லை. இவ்வளவு கறுப்பா இருந்துக்கிட்டு 'நிச்சயமா'ன்னு கேட்டா யாருக்குத்தான் பயம் வராது? பின்னணியில ஒரு அருவி வைக்கணும்."

"'ஒய்'னு ஒரு எழுத்தை அழுத்தினாப் போதும் சார்."

ஆலோசகர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மா, பிரச்சினையை உடனே தீர்த்துட்டா அதை எப்படி ஆய்வு பண்றது?"

எழுபது பக்க அறிக்கை கொடுத்தார். அதில் அருவியின் படம் மட்டும் பதினாறு.

அவள் தினமும் கண்காணிப்பாளர் மேசை முன் நின்றாள். "சார், முப்பத்தொண்ணு தாண்டினா என் இடம் போயிடும். வேற மெஷின்ல அச்செடுத்துக்கறேனே?" விதி இடம் தராது என்றார். "கையால எழுதிக்கறேனே?" அதற்கு விதியே இல்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், அவளுக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னார். டீயை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அன்றைக்குப் போனில் மகள், "எந்த ஞாயித்துக்கிழமைம்மா வருவே?" என்று கேட்டபோது, "பார்க்கலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முப்பதாம் தேதி ஐந்து பேர் குழு கூடியது. இயந்திரம் ஒரு வாரமாகக் காத்திருக்கிறது, ஏதாவது பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை, ஆனால் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்வது அவசர முடிவாகிவிடும். எனவே 'பரிசீலனையில் உள்ளது' என்று இடைக்காலப் பதில் அனுப்பலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அரக்கு உடைக்கப்பட்டது. தட்டச்சர் அதை ஆங்கிலத்தில் தட்டினாள். இயந்திரம் ஒரு கணம்கூட யோசிக்காமல் அதே கேள்வியை மறுபடி கேட்டது.

"என்னம்மா இது?" என்றார் பார்க்கலாம் சார்.

"'ஒய்' இல்லேன்னா 'என்' வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கும் சார்."

"நினைவூட்டல் அனுப்புதா!" அவருக்கு வியர்த்துவிட்டது. இடைக்காலப் பதிலை இன்னும் இரண்டு தடவை அனுப்பச் சொன்னார். இயந்திரம் இன்னும் இரண்டு தடவை கேட்டது. மூன்று நினைவூட்டலுக்குப் பதில் சொல்லாத அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்பது எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே விதி. அந்தக் கட்டத்தில் குழுவில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

மறுநாள் முப்பத்தொன்று. மாடியே கீழே இறங்கி வந்தார். "ஆம்னு சொன்னவங்க மேல விசாரணை வந்திருக்கு. இல்லைன்னு சொன்னதுக்காக இதுவரைக்கும் யாராவது சஸ்பெண்ட் ஆகியிருக்காங்களா?" என்று கேட்டார். யாரும் ஆனதில்லை. "அப்ப இல்லைன்னு அடிங்க. அதோட இனிமே இந்த ஆபீஸ்ல ஆம், இல்லைன்னு எந்தக் கேள்வி வந்தாலும் இல்லைங்கறதுதான் பதில். இதுவே என் உத்தரவு." அங்கேயே தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். விதி என்ன ஆயிற்று என்று மாடியிடம் கேட்க யாருக்கும் துணிவில்லை.

தட்டச்சர் 'என்' அழுத்தினாள். கேள்வி மறைந்தது. அறையே கைதட்டியது. ஒரு கோப்பும் அழியவில்லை, ஓர் அங்குல இடமும் கிடைக்கவில்லை. ஆனாலும் நிலுவை தீர்ந்துவிட்டது அல்லவா? வரலாற்று நிகழ்வாயிற்றே என்று இயந்திரத்தின் முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் காமிராவைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லார் முதுகும் இயந்திரத்தைப் பார்த்து இருந்தது.

அவள் அந்த முதுகுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். இன்னொரு தடவை கேட்க வைக்கக் கூடாது என்று எந்த உத்தரவிலும் இல்லை. 'டெல்' தட்டினாள். நிச்சயமா என்றது. 'ஒய்' அழுத்தினாள். நானூற்றுப் பன்னிரண்டு சுற்றறிக்கைகளும் காமிரா ஒரு தடவை மின்னுவதற்குள் போய்விட்டன. இன்றுவரை அவற்றை யாரும் தேடவில்லை.

பிரிண்டர் தகரத்தை அறுப்பது போல் கத்த ஆரம்பித்ததும் எல்லாரும் திரும்பினார்கள். அவள் காகிதத்தைக் கிழித்தெடுத்துக் கண்காணிப்பாளர் முன் வைத்தாள். விடுவிப்பு ஆணையின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'இவரை இன்றே விடுவிப்பதில் அலுவலகத்துக்கு ஆட்சேபணை உண்டா? ஆம் / இல்லை.'

"பார்க்கலாம்மா," என்றார் அவர்.

"ஆம், இல்லை கேள்வி சார். மாடியோட உத்தரவு, மை காயலை."

அவர் உத்தரவைப் பார்த்தார், கேள்வியைப் பார்த்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டையும் முழுசாகப் படித்தார். பிறகு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் ஓடிய ஓட்டத்தில் மாடிப்படியில் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு பஸ் ஏறினாள்.

புது ஊரில் புது அலுவலகம். பதவி உயர்வு என்பதால் தனி மேசை, தனி அறை, பெயர்ப்பலகை. சேர்ந்து இருபதாம் நாள். காலையில் மகளுக்கு இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டிருந்தாள். தலையெண்ணெய் வாசனை இன்னும் விரலில் இருந்தது. தடித்த கண்ணாடி போட்ட எழுத்தர் ஒருவர் உள்ளே வந்தார்.

"மேடம், கம்ப்யூட்டர்ல இடமில்லை. பழைய சுற்றறிக்கை கொஞ்சம் கிடக்குது, எல்லாம் குப்பை. அழிச்சிரட்டுமா?"

அவள் விரலை முகர்ந்துகொண்டாள். இருபது நாள்தான் ஆகியிருக்கிறது. ஏதாவது ஏடாகூடமாகி, விசாரணை வந்து, பழைய ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டால்? சாயங்காலம் நாலரைக்குப் பள்ளிக்கூட வாசலில் யார் நிற்பது?

"ஒரு குறிப்பு எழுதி வையுங்க," என்றாள். "மேலதிகாரி லீவுல இருக்கார். வந்ததும் கேட்டுக்கலாம்."

எழுத்தர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த அலுவலகத்தில் யாரும் லீவில் இல்லை. அவளுக்கு மேல் அங்கே அதிகாரியும் யாரும் இல்லை.